கோபமும் துயரும் தணியும் வரை: அன்றாட வாழ்வில் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையின் திறன்கள்

கோபத்தை அடக்கு, மனதைத் திடப்படுத்து, பொறுமையாய் இரு என்று அறிவுரை கூறாத பெரியவர்கள் எமது சமூகத்தில் இல்லை. ஆனால், பொங்கி வரும் கோபத்தை எந்தக் கணத்தில், எதைச் செய்து அடக்குவது என்ற செய்முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் மிகச் சிலரே. சைக்கிள் ஓடவும் சோறு வடிக்கவும் பழக்கித் தருகின்ற நாம், உணர்ச்சியைக் கையாள்வது மட்டும் வயது வந்ததும் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகின்றோம். பலருக்கு அது வருவதில்லை. வராதவர்களை 'முற்கோபி' என்றும் 'மனத்தைரியம் இல்லாதவர்' என்றும் பெயரிட்டு ஒதுக்கிவிடுவதே வழக்கமாகியுள்ளது.

உணர்ச்சியைக் கையாள்வதும் கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு திறனே என்ற எண்ணத்தின் மீது எழுப்பப்பட்டதே, டி.பி.ரி. எனச் சுருக்கமாக அழைக்கப்படும் இயங்கியல் நடத்தைச் சிகிச்சையாகும். அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வொஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியை மார்ஷா லினஹான் 1980களில் இதனை உருவாக்கினார். திரும்பத் திரும்பத் தம்மைத் தாமே காயப்படுத்திக் கொள்கின்ற, உயிரை மாய்த்துக்கொள்ள முயல்கின்ற பெண்களுக்காகவே இது முதலில் வகுக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலானோர் எல்லைநிலை ஆளுமைக் குறைபாடு என்ற நோய்நிலைக்கு உள்ளானவர்கள். அந்நோயாளரை ஏற்கவே பல சிகிச்சையாளர்கள் தயங்கிய காலம் அது. 1991இல் லினஹான் வெளியிட்ட முதலாவது ஒப்பீட்டு ஆய்வு, வழமையான சிகிச்சை பெற்றவர்களை விட டி.பி.ரி. பெற்றவர்களிடம் தற்காயச் செயல்கள் குறைந்ததையும், அவர்கள் சிகிச்சையை இடைநடுவில் கைவிடாது தொடர்ந்ததையும் காட்டியது. 1993இல் அவரது நூலும் பயிற்சிக் கையேடும் வெளிவந்தன.

'இயங்கியல்' என்ற சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் பலருக்கு மார்க்சிய வகுப்புகள் நினைவுக்கு வரக்கூடும். சொல் அதுவே. முரண்பட்ட இரண்டு ஒன்றையொன்று அழித்துவிடாமல், ஒன்றாகச் சேர்ந்து புதியதொன்றைத் தோற்றுவிக்கலாம் என்பதே அதன் உட்கருத்து. லினஹான் தமது நோயாளரிடம் கண்ட முரண்பாடு எளிமையானது. 'நீ மாற வேண்டும்' என்று மட்டும் சொன்னபோது, தமது வேதனை மதிக்கப்படவில்லை என்று அவர்கள் சினந்தனர். 'உன்னை அப்படியே ஏற்கின்றேன்' என்று மட்டும் சொன்னபோது, தமது நரகத்தில் தம்மைக் கைவிட்டுவிட்டதாகக் கருதினர். ஏற்பும் மாற்றமும் ஒரே நேரத்தில் தேவைப்பட்டன. 'நீ உன்னால் இயன்றதைச் செய்கின்றாய். ஆயினும் இன்னும் நன்றாகச் செய்யக் கற்றுக்கொள்ள வேண்டும்' என்ற வாக்கியத்திற்குள் இச்சிகிச்சை முழுவதும் அடங்கிவிடுகின்றது எனலாம்.

இதனை வகுத்தவர் இந்த நரகத்தை நூலறிவால் மட்டும் அறிந்தவரல்லர். 1961இல், தமது 17ஆவது வயதில், கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்போர்ட் நகரிலுள்ள ஓர் உளமருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 26 மாதங்கள் அங்கே கழித்தவர் லினஹான். அரை நூற்றாண்டு காலம் மறைத்து வைத்திருந்த இவ்வுண்மையை, 2011இல் அதே மருத்துவமனை மண்டபத்தில் நின்று அவர் பகிரங்கமாக எடுத்துரைத்தார். உளநோய் என்றவுடன் குடும்பத்தின் மானத்தையும் பிள்ளையின் கலியாணப் பேச்சையும் எண்ணிக் கதவடைத்துக் கொள்ளும் எம்மைப் போன்ற சமூகங்களில் இத்தகவல் பரவலாக அறியப்பட வேண்டியது.

அவரது கோட்பாட்டின்படி, சிலர் பிறப்பிலேயே மெல்லிய தோலுடையவர்கள். சிறியதற்கும் பெரிதாகத் துடிப்பர். துடிப்பு அடங்கவும் நெடுநேரம் எடுக்கும். இத்தகைய பிள்ளை, அதன் உணர்வை மதியாத சூழலில் வளர நேர்ந்தால் சிக்கல் பெருகுகின்றது. உணர்வை மதியாத சூழல் என்றதும் அடி உதையை மட்டும் எண்ணிவிடக்கூடாது. 'இதுக்கெல்லாம் அழுவினமே?', 'உன்னை விடக் கஷ்டப்பட்ட பிள்ளையள் படிக்கேல்லையே?', 'ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது' என்பன எல்லாம் அன்பு நிறைந்த வீடுகளிலும் நாள்தோறும் ஒலிப்பவையே. மெதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கத்தினால் மட்டுமே கேட்கின்றார்கள் என்று அப்பிள்ளை கற்றுக்கொள்கின்றது. பின்னர், கத்துகின்றது என்பதற்காகத் தண்டிக்கப்படுகின்றது.

முழுமையான டி.பி.ரி. சிகிச்சை சாதாரணமான ஒன்றன்று. வாரந்தோறும் தனிப்பட்ட சந்திப்பு, வாரந்தோறும் குழுவாகத் திறன் பயிற்சி, இடையில் நெருக்கடி ஏற்பட்டால் தொலைபேசி வழி ஆலோசனை, சிகிச்சையாளர்கள் தமக்குள் கூடிக் கலந்துரையாடும் அமர்வு ஆகிய நான்கும் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டுக்கு நீள்வது அது. உளமருத்துவர்கள் போதாத எமது நாட்டில் அதனை முழு வடிவில் எங்கும் எதிர்பார்க்க முடியாது. ஆனால், அதன் திறன் பயிற்சிப் பகுதி தனித்தும் பயன் தரக்கூடியது என்பதை லினஹான் குழுவினர் 2015இல் வெளியிட்ட ஆய்வு சுட்டிக்காட்டியது. விழிப்புநிலை, துன்பத்தைத் தாங்கும் திறன், உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்தல், பிறரோடு பயனுறப் பழகுதல் ஆகியன அப்பயிற்சியின் நான்கு பிரிவுகளாகும்.

விழிப்புநிலை எமக்குப் புதியதன்று. கத்தோலிக்கரான லினஹான், ஜேர்மனியில் வில்லிகிஸ் யேகர் என்ற துறவியிடம் சென் தியானம் பயின்றவர். அங்கிருந்தே இப்பகுதியைப் பெற்றுச் சமயச் சாயல் நீக்கி அமைத்தார். அதற்கும் முன்னரே, ஜேர்மனியில் பிறந்து கண்டி உடவத்தகலே வனத்தில் வாழ்ந்து மறைந்த ஞானபோனிக தேரர், பௌத்த தியானம் பற்றி 1954இல் கொழும்பில் வெளியிட்ட நூலின் மூலம், எதையும் கூட்டாமல் குறைக்காமல் கவனித்தல் என்ற கருத்தை மேற்குலக வாசகர்களுக்கு அறிமுகம் செய்திருந்தார். இன்று மேற்கிலிருந்து கைத்தொலைபேசிச் செயலியாக எமக்குத் திரும்பி வரும் விழிப்புநிலைப் பயிற்சிக்கு இத்தீவிலும் ஒரு வேர் உண்டு.

அன்றாடத்தில் இதன் பயன், கண்களை மூடி அமர்வதை விட, கண்டதற்கும் கற்பித்துக் கொண்டதற்கும் இடையிலான வேறுபாட்டை உணர்வதில்தான் அதிகம் உள்ளது. 'கலியாண வீட்டில் மச்சாள் என்னை அவமதித்தாள்' என்பது கண்டதன்று. 'மச்சாள் என்னைக் கடந்து போனாள்; என் பக்கம் பார்க்கவில்லை' என்பதே கண்டது. எஞ்சியது எமது மனம் சேர்த்த உரை. அந்த உரை சரியாகவும் இருக்கலாம். மச்சாளுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டிய காலம் வந்திருக்கவும் கூடும். இரண்டையும் பிரித்து வைத்த பின்னரே கோபப்படுவதா என்ற முடிவுக்கு வர இயலும். முழுக்க உணர்ச்சியின் வசப்பட்ட மனம் ஒரு பக்கம், கணக்குப் பார்க்கும் மனம் மறுபக்கம் என வைத்து, இரண்டையும் கேட்டு நடக்கும் மனத்தை லினஹான் விவேக மனம் என்று வகுத்தார். இரவு பதினொரு மணிக்கு எழுதிய இராஜினாமாக் கடிதத்தைக் காலையில் மீண்டும் வாசித்துப் பார்ப்பவர் அந்த மனத்தைத் தேடுகின்றார் என்றே கொள்ள வேண்டும்.

நான்கு பிரிவுகளுள் எமக்கு மிகவும் வேண்டியது துன்பத்தைத் தாங்கும் திறன் என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. அதற்குக் காரணம் உண்டு. 1995இல் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு 47 என்ற அளவில், உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. அவ்வீழ்ச்சிக்குப் பிரதான காரணமாக ஆய்வாளர்கள் கூறுவது, 1995 முதல் கட்டங்கட்டமாகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையையே. மக்களின் துயரம் திடீரெனக் குறைந்துவிடவில்லை. ஆத்திரத்தின் உச்சத்தில் கைக்கு எட்டியது முன்னளவுக்கு உயிரைப் பறிக்கவில்லை, அவ்வளவே. தப்பிப் பிழைத்தவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளில், எண்ணத்திற்கும் செயலுக்கும் இடையே சில நிமிடங்களே கழிந்திருந்ததாகக் கூறியவர்கள் பலர். ஒரு வாக்குவாதம், ஓர் ஏச்சு, ஒரு பரீட்சை முடிவு. அதன் பின் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களைக் கடப்பதற்கென்றே வகுக்கப்பட்டவைதான் இத்திறன்கள். பிரச்சினையைத் தீர்ப்பது இவற்றின் நோக்கமன்று. இருப்பதை மேலும் பாழாக்காமல் அந்த வேளையைக் கடப்பது மட்டுமே நோக்கம்.

உடலின் வழியாக மனதை இறக்குவது அவற்றுள் முதன்மையானது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தைக் குளிர்ந்த நீரில் அரை நிமிடம் வரை அமிழ்த்தினால் இதயத் துடிப்பு தாழ்கின்றது. நீரில் மூழ்கும் விலங்குகளின் உடலில் உயிர்வாயுவைச் சேமிப்பதற்காக அமைந்த ஓர் அனிச்சைச் செயல் மனிதரிடமும் எஞ்சியிருப்பதே இதற்குக் காரணம். கண்களைச் சுற்றியும் கன்னங்களின் மேற்பகுதியிலும் குளிர் படுவது முக்கியம். எமது கிணற்று நீரும் குழாய் நீரும் அதற்குப் போதிய குளிர்ச்சி உடையன அல்ல. பாத்திரத்து நீரில் ஐஸ் கட்டிகளைப் போட்டோ, ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக் கண்களின் மேல் வைத்தோ செய்யலாம். இதய நோயாளரும், இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகளைப் பாவிப்போரும் வைத்தியரைக் கேளாமல் இதனைச் செய்தல் ஆகாது. மற்றையோருக்கும் இதன் பயன் சிறிது நேரத்துக்கே. அந்தச் சிறிது நேரத்தில் அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

அடுத்தது உடலைக் களைக்கச் செய்வது. வேகமாக நடக்கலாம், படியேறலாம், கிணற்றில் தண்ணீர் இறைக்கலாம். கோபம் உடலைச் சண்டைக்கு ஆயத்தப்படுத்துகின்றது. அந்த ஆயத்தத்தைச் செலவழித்துவிட்டால் மூளை தணிகின்றது. பின்னர், மூச்சை உள்ளிழுப்பதை விட வெளிவிடுவதற்கு அதிக நேரம் எடுத்து, நிமிடத்திற்கு ஐந்து ஆறு மூச்சு என்ற அளவில் சில நிமிடங்கள் சுவாசிப்பது. சினத்தில் எழுந்த கை எதையும் செய்யாமல் நிற்பது, ஓரடி பின்வாங்குவது, நடப்பதைப் பார்ப்பது, பிறகு எது வேண்டுமோ அதை மட்டும் செய்வது என்ற நான்கு படிகளையும் லினஹான் கற்பித்தார். தொலைபேசிக்கும் இது பொருந்தும். குடும்ப வைபர் குழுவில் யாரோ போட்ட செய்திக்கு உடனே எழுதிய மறுமொழியால் ஆண்டுக்கணக்கில் பேச்சு முறிந்த சகோதரர்கள் எம்மிடையே உண்டு.

ஐம்புலன்களாலும் தன்னைத் தேற்றுவதும் இப்பிரிவில் அடங்கும். மேற்கத்தைய கையேடுகள் வாசனை மெழுகுவர்த்தியையும் குமிழி நீராடலையும் குறிப்பிடுகின்றன. அவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. மல்லிகையின் மணம், சூடான வெறும் தேநீர், கோயில் மணியோசை, கடற்கரைக் காற்று, தலைக்கு நல்லெண்ணெய் வைத்து முழுகுதல் யாவும் அதே வேலையைச் செய்யும். ஆனால், அவற்றைச் செய்யும்போது மனம் அங்கேயே இருக்க வேண்டும். ஒரு கையால் தேநீரும் மறு கையால் தொலைபேசியுமாக இருந்தால் தேநீர் தேற்றாது.

இப்பிரிவின் கடினமான திறனை முழுமையான ஏற்பு என்கின்றனர். நடந்தது நடந்துவிட்டது என்பதை உடலாலும் உள்ளத்தாலும் எதிர்த்துப் போராடாமல் ஒப்புக்கொள்வது அது. வலி தவிர்க்க முடியாதது. அதனை ஏற்க மறுக்கும்போது வலி தீராத வேதனையாகிவிடுகின்றது என்பது லினஹானின் வாதம். விபத்தில் கால் இழந்தவர், மணமுறிவுக்கு உள்ளானவர், ஒரு புள்ளியால் பல்கலைக்கழக அனுமதியைத் தவறவிட்டவர் ஆகியோருக்கு இது உதவியுள்ளது, உதவவும் கூடும். ஏற்பது என்பது சரியென்று சொல்வதன்று, மன்னிப்பதன்று, மாற்ற முயலாமல் விடுவதுமன்று என்று அவர் அழுத்திக் கூறியிருக்கின்றார்.

ஆயினும் இந்த இடத்தில் எமது மண்ணில் நின்று ஒரு கேள்வியை எழுப்பாமல் கடக்க முடியாது. காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளைத் தேடி 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தொடர் போராட்டத்தில் அமர்ந்த தாய்மாரிடம் எதை ஏற்கும்படி சொல்வது? மகன் இறந்தான் என்பதையா? அதற்கு உடலமும் இல்லை, சாட்சியும் இல்லை, எவரது பொறுப்பேற்பும் இல்லை. 'நடந்ததை மறந்து முன்னேறுங்கள்' என்று அதிகாரத்தில் இருப்போர் கூறுவதும், 'ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று உளவளத்துணையாளர் கூறுவதும் அத்தாயின் செவியில் ஒன்றாகவே ஒலிக்கும். அமெரிக்க ஆய்வாளர் போலின் பொஸ் 1970களில் இத்தகைய நிலையைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டார். அதில் முடிவு என்பதை எதிர்பார்ப்பதே தவறு என்பது அவரது நிலைப்பாடு. அவ்வாறாயின், இங்கே ஏற்கத்தக்க உண்மை ஒன்றே ஒன்று: 'எனக்குத் தெரியவில்லை, தெரியாமல் இருப்பதுதான் இன்றைய நிலை.' இதனை ஏற்ற தாய் இரவில் சிறிது உறங்கலாம். காலையில் எழுந்து பதாகையுடன் வீதிக்கும் போகலாம். இரண்டுக்கும் முரண்பாடில்லை. ஏற்பின் பெயரால் நீதி கேட்பதைக் கைவிடச் சொல்பவர் இச்சிகிச்சையைத் தவறாகப் புரிந்துகொண்டவரே.

உணர்ச்சிகளை ஒழுங்குபடுத்தும் பிரிவில் இரண்டு திறன்கள் உடனடிப் பயனுள்ளவை. ஒன்று, உண்மைகளைச் சரிபார்த்தல். ரொரன்ரோவிலுள்ள மகன் இரண்டு கிழமையாக அழைக்கவில்லை. 'அவன் எங்களை மறந்துவிட்டான்' என்று தந்தை மனம் வெதும்புகின்றார். நடந்தது என்ன, நான் ஊகித்தது என்ன, வேறு விளக்கம் உண்டா, நான் அஞ்சுவதே நடந்தாலும் அதனை எவ்வாறு சமாளிப்பேன் என்று வரிசையாகக் கேட்டால், உணர்ச்சியின் அளவு நிகழ்வின் அளவுக்கு இறங்கிவரும். மற்றையது, எதிர்ச் செயல். ஒவ்வோர் உணர்ச்சியும் ஒரு செயலைத் தூண்டுகின்றது. அச்சம் ஓடச் சொல்கின்றது, துயரம் படுக்கச் சொல்கின்றது, வெட்கம் ஒளியச் சொல்கின்றது, கோபம் தாக்கச் சொல்கின்றது. அந்த உணர்ச்சி உண்மைக்குப் பொருந்தவில்லை என்றாலோ, பொருந்தினாலும் அதன்படி நடப்பது கேட்டையே தரும் என்றாலோ, எதிரானதை அரைமனதோடன்றி முழுமையாகச் செய்ய வேண்டும். துயரத்தில் படுத்திருப்பவர் எழுந்து குளித்து, சட்டை மாற்றி, சந்தைக்குப் போய்வர வேண்டும். மனம் சரியான பின்பு எழும்புவேன் என்பது தலைகீழ்க் கணக்கு. ஆனால், அச்சம் உண்மைக்குப் பொருந்தும்போது எதிர்ச் செயல் மடமை. அடிக்கின்ற கணவனுக்கு அஞ்சும் பெண் விலகிப் பாதுகாப்புத் தேடுவதே முறை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் அதற்காகவே உள்ளது.

உறக்கம், வேளைக்கு உணவு, நோய்க்கு மருந்து, மதுவைத் தவிர்த்தல், உடற்பயிற்சி ஆகியவற்றையும் இப்பிரிவு வலியுறுத்துகின்றது. பாட்டிமார் சொல்லாத எதுவும் அதில் இல்லை. எனினும், காலை ஐந்து மணி ரியூசனும் இரவு பத்து மணி ரியூசனுமாக ஓடும் உயர்தர மாணவரின் எரிச்சலுக்குக் குணக்குறைபாட்டை விட உறக்கக் குறைபாடே காரணமாக இருக்கக்கூடும் என்பதைப் பெற்றோர் சிந்திக்க வேண்டும்.

பிறரிடம் ஒன்றைக் கேட்பதும், கேட்கப்பட்டதை மறுப்பதும் நான்காவது பிரிவுக்குரியன. நிலைமையைச் சொல்லுதல், அதனால் எழுந்த உணர்வைச் சொல்லுதல், வேண்டியதைத் தெளிவாகக் கேட்டல், அதனால் விளையும் நன்மையைக் காட்டுதல், பேச்சு திசைமாறினாலும் கேட்டதிலேயே நிற்றல், தேவையானால் விட்டுக்கொடுத்துப் பேரம் பேசல் என்பது லினஹான் வகுத்த ஒழுங்கு. உறவுக்குள் பணம் கேட்பதை விடக் கடினமான பேச்சு எமது வீடுகளில் இல்லை. தமையனுக்குக் கடன் கொடுத்த தங்கை பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. திறந்தால் பத்து வருடக் கணக்கும் சேர்ந்து வெளிவரும். இந்த ஒழுங்கில் அது இவ்வாறு அமையலாம்: 'அண்ணா, தை மாதம் நீங்கள் ஐம்பதாயிரம் வாங்கினீங்கள். சித்திரைக்குத் தாறன் எண்டு சொன்னனீங்கள், இப்ப ஆவணி. கேக்க எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. ஆனா மகளின்ர ரியூசன் காசு கட்ட ஏலாமல் யோசனையாக் கிடக்கு. இந்த மாதக் கடைசிக்குள்ள பாதியாவது தாங்கோ. மிச்சத்தை ஆறுதலாப் பாப்பம்.' தமையன் 'நீயும் மாறிப்போனாய்' என்று பேச்சைத் திருப்பக்கூடும். அதற்கு மறுமொழி சொல்லப் போனால் பணம் மறைந்து பழங்கதை வந்துவிடும். 'அதை வேற நாள் கதைப்பம் அண்ணா. மாதக் கடைசிக்குள்ள பாதியைத் தர முடியுமோ?' என்று திரும்பி வருவதே திறன். உடைந்த இசைத்தட்டைப் போல் இருங்கள் என்று பயிற்சியாளர்கள் கூறுவது இதைத்தான்.

இவற்றை எல்லோருக்கும் கற்பித்துவிட்டால் நாடு சுகப்பட்டுவிடும் என்று எண்ணுவோரும் உளர். அவ்வளவு எளிதன்று. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பாடசாலைகளில் ஆயிரத்துக்கும் அதிகமான மாணவரிடம், டி.பி.ரி. திறன்களை எட்டு வாரங்கள் வகுப்பறையில் கற்பித்துச் செய்யப்பட்ட ஆய்வின் பெறுபேறுகள் 2023இல் வெளியாகின. எதிர்பார்த்த முன்னேற்றம் கிட்டவில்லை. பயிற்சி முடிந்த வேளையில் சில அளவீடுகளில், குறிப்பாகப் பெற்றோருடனான உறவில், பயிற்சி பெற்றோர் பெறாதோரை விடப் பின்தங்கியிருந்தனர். வீட்டில் தாமாகப் பயிற்சி செய்த சிலருக்கே பயன் தென்பட்டது. வேண்டுமென்று கேளாதவருக்கு ஊட்டப்படும் திறன் செரிப்பதில்லை போலும். எதற்கும் அரை நாள் செயலமர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கிவிடும் எமது நிறுவனங்கள் இதனைக் கவனத்திற் கொள்வது நல்லது.

தனிப்பட்ட முறையில் தொடங்க விரும்புபவர் ஒரு திறனை மட்டும் எடுத்து, அமைதியான நாட்களில் பழக வேண்டும். கடல் கொந்தளிக்கும்போது நீச்சல் பழகுவார் இல்லை. இச்சிகிச்சையில் நோயாளர் ஒவ்வொரு நாளும் எந்த உணர்ச்சி எவ்வளவு எழுந்தது, எந்தத் திறனைப் பயன்படுத்தினர் என்பதைச் சிறிய அட்டை ஒன்றில் குறித்து வருவர். பாடசாலைக் கொப்பி ஒன்றே அதற்குப் போதும். தம்மைத் தாமே காயப்படுத்தும் எண்ணமோ வாழ விருப்பமின்மையோ உடையவர்கள் கொப்பியோடு நின்றுவிடாமல், அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாட வேண்டும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்திற்கும் அழைக்கலாம்.

ஆத்திரத்தின்படி நடந்தால் என்ன நன்மை, என்ன தீமை, நடவாமல் பொறுத்தால் என்ன நன்மை, என்ன தீமை என்று நான்கு கட்டங்களில் எழுதி வைக்கும் பயிற்சி ஒன்றும் கையேட்டில் உண்டு. அதனை மனம் தெளிந்திருக்கும் வேளையில் தமது கையெழுத்திலேயே எழுதி, பேர்சிலோ அலுமாரிக் கதவின் உட்புறத்திலோ வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வேளை வரும்போது எழுதுவதற்கு நேரம் இராது. எடுத்து வாசிக்க மட்டுமே இருக்கும்.